சாவியைத் தராமலே கதவைத் திறந்தவர்



நம் கம்ப்யூட்டர் லேப்பில் ரூட் பாஸ்வேர்டு இன்சார்ஜ் சாருக்கு மட்டும்தான் தெரியும். பாஸ்வேர்டு இருக்கும் ஃபைலை மாணவர்கள் திறக்கவே முடியாது. ஆனாலும் நம் பாஸ்வேர்டை நாமே மாற்றிக்கொள்வோம். அதெப்படி என்று படிக்கும்போது எனக்குத் தோணவே இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரூட்டாக நுழைந்து, தப்பான டைரக்டரியில் அழிக்கும் கட்டளையை அடித்து, ஒரு வார டிராயிங்குகளைத் தொலைத்த பிறகுதான் தோணியது. பதில் தேடியபோது கிடைத்த பெயர் டென்னிஸ் ரிட்சி.

1941 செப்டம்பர் 9 அன்று நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா பெல் லேப்ஸ் விஞ்ஞானி. ஹார்வர்டில் பௌதிகம் படித்தார். பிறகு அங்கேயே ஆய்வேடு எழுதியும் டாக்டர் பட்டம் வாங்கவில்லை; 1967ல் பெல் லேப்ஸில் சேர்ந்தார். 1969ல் கென் தாம்ப்சன் ஒரு பழைய பி.டி.பி.-7 மெஷினில் யூனிக்ஸைத் தொடங்க, ரிட்சி கூடவே நின்றார். அடுத்து சி மொழியை உருவாக்கினார். 1973ல் யூனிக்ஸே சியில் மாற்றி எழுதப்பட்டது. இதெல்லாம் நம் சிலபஸிலேயே உண்டு.

சிலபஸில் அதிகம் பேசாத ஒன்று செட்யூஐடி. பொதுவாக ஒரு புரோகிராம், அதை ஓட்டுகிறவரின் அதிகாரத்தில்தான் ஓடும். ரிட்சி ஃபைலோடு ஒரே ஒரு பிட்டைச் சேர்த்தார். அந்த பிட் இருந்தால், யார் ஓட்டினாலும் புரோகிராம் அதன் சொந்தக்காரரின் அதிகாரத்தில் ஓடும். நம் ஒர்க்‌ஷாப் ஸ்டோர் மாதிரிதான். சாவியை நம்மிடம் தரமாட்டார்கள். ஸ்டோர்கீப்பர் உள்ளே போய், கேட்ட டூலை மட்டும் எடுத்துக் கொடுப்பார். பாஸ்வேர்டு மாற்றும் புரோகிராமும் அப்படி ஒரு ஸ்டோர்கீப்பர். வேறொரு யூசராக மாற்றும் எஸ்யூ கட்டளையும், 1980 வாக்கில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்த சுடோவும் இந்த பிட்டை நம்பியே நிற்கின்றன. ஆபத்தும் உண்டு: ஸ்டோர்கீப்பர் ஏமாளியாக இருந்தால் ஸ்டோரே காலி. அதனால் அப்படிப்பட்ட புரோகிராம்களில் ஒரு சின்னப் பிழைகூட மெஷினையே அடுத்தவன் கையில் கொடுத்துவிடும்.

இதற்கு 1973ல் விண்ணப்பித்து 1979ல் காப்புரிமை கிடைத்தது. பின்னாளில் பெல் அதைப் பொதுச் சொத்தாக விட்டுவிட்டது. 1983ல் தாம்ப்சனோடு டூரிங் விருது பெற்ற ரிட்சி, 2007ல் ஓய்வு பெற்றார். 2011 அக்டோபரில், ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்த அதே மாதத்தில், நியூஜெர்சியில் தனியாக வாழ்ந்த வீட்டில் இறந்து கிடந்தார். ஜாப்ஸுக்காக உலகமே அழுதது; இவர் போனது பலருக்குத் தெரியவே இல்லை.

இப்போது என் ஜூனியர்களுக்கு, பிரிண்ட் சர்வீஸை மறுபடி ஓடவைக்கும் ஒரே ஒரு கட்டளைக்கு மட்டும் சுடோ அனுமதி எழுதிக் கொடுத்திருக்கிறேன். நானும் ரூட்டாக நுழைவதை விட்டுவிட்டேன். தம்பி தங்கைகளே, முழுச் சாவிக்கொத்தும் கையில் இருப்பது கெத்து இல்லை. வேலைக்கு வேண்டிய அதிகாரம், வேண்டிய நேரத்துக்கு மட்டும் போதும். ஒரு வார டிராயிங் போன பிறகு கற்றுக்கொண்டவன் சொல்கிறேன்.