திரியும் சக்கிமுக்கியும்: மாவீரர் கான் சாகிபு

மதுரையில் கான்சாமேட்டுத் தெரு எனும் பெயரை நாள்தோறும் வழங்கும் நாம், அப்பெயருக்குரியாரை எண்ணிப் பார்ப்பது அரிது. இராமநாதபுரச் சீமையின் பனையூரில் பிறந்து, இசுலாத்தைத் தழுவி, முகம்மது யூசுப் கான் எனப் பெயர் பெற்ற மருதநாயகமே அவர். 1752இல் கிளைவின் படையில் சிப்பாய்த் தலைவராகச் சேர்ந்தார். 1756இல் கும்பினியார் அவரை மதுரைச் சீமைக்கு அனுப்பினர்.

அவருடைய வெற்றிகளுக்கு வீரம் ஒன்றே காரணம் என்பாருடன் நாம் உடன்படுவதற்கில்லை. பாளையத்தார் கையில் வேலும் வளரியும் திரித் துப்பாக்கியும் இருந்தன. திரித் துப்பாக்கியில் கனன்றுகொண்டேயிருக்கும் கயிறு மருந்தைத் தொட்டால்தான் வெடிக்கும். இரவில் அதன் கனலே ஆளைக் காட்டிக்கொடுக்கும். அருகில் மருந்துப்பை இருந்தால் ஏந்தியவனுக்கே கேடு. கும்பினிச் சிப்பாய்க்கோ சக்கிமுக்கித் துப்பாக்கி கிடைத்தது. விசையை இழுத்ததும் குதிரையின் வாயில் கவ்விய கல் எஃகுத் தகட்டில் மோதும். தகடு பின்னே சாய, கிண்ணியிலுள்ள மருந்தில் பொறி விழும். அத்தீ சிறு துளை வழியே குழலுக்குள் பாய்ந்து குண்டை உந்தும். குதிரை வீரர் இடையில் செருகிய கைத்துப்பாக்கியும் இதே பொறியமைப்பின் குறுகிய வடிவமே. ஒருமுறை சுட்டால் மீண்டும் கெட்டித்தாக வேண்டும். பயின்ற கைகள் நிமிடத்திற்கு மூன்று முறை சுடும். பயிலாதார்க்கு அது வெறும் தடி. அந்தப் பயிற்சியைத் தம் சிப்பாய்களுக்கு ஊட்டியதே கான் சாகிபின் பெருந்திறன் என்பது நம் கருத்து.

1759இல் மதுரைச் சீமையைக் குத்தகைக்கு ஏற்று ஆண்டார்; கொள்ளையை ஒடுக்கினார்; மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய வருவாய் கோயிலுக்கே சேர வழி செய்தார். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்கு அடங்க மறுத்தபோது, தாம் பணிபுரிந்த கும்பினியே எதிரியாயிற்று. 1763இல் மதுரைக் கோட்டையை முற்றுகையிட்ட படை மழைக்காலத்தில் பின்வாங்கியது. கல் நனைந்தாலும் துடைத்துக் கொள்ளலாம், மருந்து நனைந்தால் என் செய்வது? 1764இல் மீண்டும் வந்தோர் சூன் திங்களில் நடத்திய தாக்குதலையும் கோட்டை முறியடித்தது. பின்னர் உணவு வழிகள் அடைபட்டன. உள்ளே பசி புகுந்தது.

அவ்வாண்டு அக்டோபர் 13ஆம் நாள் கான் சாகிபு தொழுகையில் இருந்தார். அவரிடம் ஊழியம் புரிந்த சீனிவாசராவும் பிரெஞ்சுத் தளபதி மார்ச்சந்தும் உடன்பட்டோரும் சூழ்ந்து பிடித்துக் கட்டினர். கோட்டைக்கு வெளியிலிருந்து வந்த எந்தக் குண்டும் செய்யாததை அவருடைய உப்பைத் தின்றவர்கள் செய்தனர். இரண்டு நாள் கழித்து, 15ஆம் நாள், நவாபின் ஆணைப்படி தூக்கிலிடப்பட்டார். மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் உள்ளது.