முதுகைக் காட்டி நிற்கும் சிறுவன்: நாஜி அல் அலி விட்டுச் சென்ற பாடம்

பலஸ்தீனுக்காக உலகில் எங்கு ஊர்வலம் நடந்தாலும், நிதி திரட்டினாலும், ஒரு சிறுவனின் படத்தைக் காணலாம். முட்களைப் போன்ற தலைமுடி, ஒட்டுப்போட்ட உடை, வெறுங்கால். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எமக்கு முதுகைக் காட்டி நிற்பான். அவன் பெயர் ஹன்ழலா. அவனைத் தெரிந்த பலருக்கு அவனை வரைந்த நாஜி அல் அலியைத் தெரியாது.

நாஜி அல் அலி 1938ஆம் ஆண்டளவில் பலஸ்தீனின் கலிலேயாப் பகுதியில் அஷ்ஷஜரா என்ற கிராமத்தில் பிறந்தார். 1948 நக்பாவின்போது அந்தக் கிராமம் அழிக்கப்பட்டது. சுமார் பத்து வயதில் குடும்பத்துடன் லெபனானுக்கு விரட்டப்பட்ட அவர், ஸைதா நகருக்கு அருகிலுள்ள அய்னுல் ஹில்வா அகதி முகாமில் வளர்ந்தார்.

வறுமை காரணமாக வாகனம் திருத்தும் தொழிலைக் கற்றார். அரசியல் ஈடுபாட்டுக்காக லெபனானில் பலமுறை சிறை வைக்கப்பட்டார். சிறைச் சுவரும் முகாம் சுவருமே அவரது முதல் சித்திரக் கொப்பிகள். நுண்கலைக் கல்லூரியில் சேர்ந்தும் கைதுகளால் படிப்பைத் தொடர முடியவில்லை. பின்னர் தூர் நகரில் சில காலம் சித்திரம் கற்பித்தார். முகாமுக்கு வந்த எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி அவரது சித்திரங்களைக் கண்டு, 1961இல் ஒரு சஞ்சிகையில் வெளியிட்டார். 1963இல் நாஜி குவைத் சென்று பத்திரிகைகளில் வரையத் தொடங்கினார்.

ஹன்ழலா பிறந்தது 1969இல், குவைத்தின் அஸ்ஸியாஸா பத்திரிகையில். எம்மிடையே ஹன்ழலா (ரழி) என்ற ஸஹாபியின் பெயராகப் பழகிய இந்தச் சொல், கசப்பு மிகுந்த பேய்க்குமட்டிச் செடியையும் குறிக்கும். வெட்டினாலும் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் செடி அது. சிறுவனுக்கு எப்போதும் பத்து வயதுதான். நாஜி ஊரை இழந்த வயது அது. சொந்த மண்ணுக்குத் திரும்பும் நாளில்தான் அவன் வளரத் தொடங்குவான் என்பதே அவரது கற்பனை. 1973ஆம் ஆண்டு யுத்தத்துக்குப் பின்னர், வெளியார் திணிக்கும் தீர்வுகளை ஏற்க மறுத்து ஹன்ழலா முதுகைத் திருப்பிக் கொண்டான்.

இந்த இடத்தில் நாம் சற்று நிதானிக்க வேண்டும். அகதிகளுக்காக உதவி கேட்கும் படங்களில் பெரும்பாலும் ஓர் அழும் முகம் இருக்கும். பார்ப்பவருக்கு இரக்கம் பிறக்கும், பணம் கொடுப்பார், பின்னர் மறந்துவிடுவார். ஹன்ழலாவோ முகத்தையே காட்டுவதில்லை, கையேந்துவதும் இல்லை. அவன் பார்க்கும் அநியாயத்தை அவனுக்குப் பின்னால் நின்று நாமும் பார்க்கிறோம். நாஜியின் சித்திரங்களில் வரும் பாத்திமா என்ற பெண் தன் வீட்டுச் சாவியைக் கழுத்தில் அணிந்திருப்பாள். அகதி என்பவர் பசித்த வயிறு மட்டுமல்ல, வீடும் ஊரும் உரிமையும் உள்ள மனிதர் என்பதை அந்தச் சாவி சொல்லிவிடுகிறது.

அவர் யாரையும் விட்டுவைக்கவில்லை. இஸ்ரேலையும் அமெரிக்காவையும் போலவே அரபு ஆட்சியாளர்களையும் பலஸ்தீனத் தலைமையையும் விமர்சித்தார். 1974இல் லெபனான் திரும்பி அஸ்ஸஃபீரில் வரைந்தவர், 1982 இஸ்ரேலியப் படையெடுப்பை நேரில் கண்டார். மீண்டும் குவைத் சென்று அல்கபஸில் பணியாற்றினார். 1985இல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டு லண்டன் சென்றார். 1987 ஜூலை 22 அன்று பத்திரிகை அலுவலகத்துக்கு அருகில் அவர் சுடப்பட்டு, ஆகஸ்ட் 29 அன்று காலமானார். இன்று வரை அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அய்னுல் ஹில்வாவில் அடக்கப்பட வேண்டும் என்பது அவரது விருப்பம். ஜனாஸா நல்லடக்கம் செய்யப்பட்டதோ இங்கிலாந்தின் புரூக்வூட் மையவாடியில். மரணித்த பின்னும் அவர் அகதியாகவே இருக்கிறார்.

ஆனால் சிறுவன் மரணிக்கவில்லை. 2025 ஜூலையில் காஸாவின் குழந்தைகளுக்கான பால்மாவும் மருந்தும் ஏற்றிப் புறப்பட்ட நிவாரணக் கப்பலின் பெயர் ஹன்ழலா. இஸ்ரேலியப் படை அதைக் கடலில் வழிமறித்தது. வாகனம் திருத்தக் கற்ற ஓர் அகதி இளைஞன் வரைந்த கோடுகள், அவர் இறந்து 38 ஆண்டுகளின் பின்னரும் மனிதர்களை ஒன்றுதிரட்டிக் கடலுக்கு அனுப்பின.

எமக்கும் இதில் பாடமுண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டனர். யாழ்ப்பாணத்தவருக்கு அதற்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம்தான். புத்தளத்தின் கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. வீடுகளைப் பூட்டிவிட்டு வந்த சாவிகள் எம்மவரிடமும் இருந்தன. அந்தச் சாவியை வரைந்து காட்ட எமது பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுத்தோமா?

பாடசாலைகளில் அகதிகளுக்கான சித்திரப் போட்டி வைக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்ணீர்த் துளியுடன் நிறுத்தி விடாதீர்கள். அந்தப் பிள்ளையின் ஊர் எது, அங்கே என்ன மரம் நின்றது, யார் விரட்டினார்கள் என்று முதலில் மாணவர்களைத் தேடச் சொல்லுங்கள், பிறகு வரையச் சொல்லுங்கள். கண்காட்சியில் சேரும் பணம் ஒரு மாதத்தில் செலவாகிவிடும். தேடி அறிந்து வரைந்த பிள்ளை அந்த மக்களை வாழ்நாள் முழுவதும் மறக்காது.