பிரபுல்ல சந்திர ராய்

பிரபுல்ல சந்திர ராய் (ஆகஸ்ட் 2, 1861 – ஜூன் 16, 1944) வங்காளத்தைச் சேர்ந்த வேதியியலாளர், ஆசிரியர், தொழில் முனைவோர் ஆவார். பாதரசத்தின் நைட்ரைட்டுகள் குறித்த ஆய்வுகளுக்காகப் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

இவர் இன்றைய வங்காளதேசத்தின் குல்னா மாவட்டத்திலுள்ள ராருளி என்னும் ஊரில் பிறந்தார். சிறுவயதில் கடும் வயிற்றுக்கடுப்பால் பள்ளிப்படிப்பு தடைப்பட்டபோது, தந்தையின் நூலகத்தில் தாமாகவே படித்தார். 1882 இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1887 இல் முனைவர் பட்டம் பெற்றார். நாடு திரும்பிய இவருக்கு, ஆங்கிலேயரே பெரும்பாலும் அமர்த்தப்பட்ட கல்வித்துறை உயர்பதவி கிடைக்கவில்லை. 1889 இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் உதவிப் பேராசிரியரானார்.

பாதரச ஆய்வுகள்

குளிர்ந்த, நீர்த்த நைட்ரிக் அமிலத்தைப் பாதரசத்துடன் வினைபுரியச் செய்து மெர்க்குரசு நைட்ரேட்டைத் தயாரித்தபோது, எதிர்பாராத மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. அவை மெர்க்குரசு நைட்ரைட்டு என்பதை நிறுவி 1896 இல் வெளியிட்டார். நிலையற்றவை எனக் கருதப்பட்ட இரு அயனிகள் ஒரே படிகத்தில் நிலைத்திருந்தமை வியப்பாகக் கருதப்பட்டது. இச்சேர்மம் நீரில் பகுதியளவு சிதைந்து பாதரச உலோகத்தையும் மெர்க்குரிக்கு நைட்ரைட்டையும் தருகிறது. அதாவது, பாதரசச் சேர்மத்தின் இயல்பை அறிய, அது எதில் கரைக்கப்படுகிறது என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். ஒரு நூற்றாண்டு கழித்து, பறவை முட்டைகளில் மெத்தில் பாதரசத்தைச் செலுத்தி நச்சுத்தன்மையைச் சோதித்த ஆய்வுகளிலும், முடிவைப் பாதிக்கும் காரணிகளுள் ஒன்றாகக் கரைப்பான் அறியப்பட்டது.

வேதியியல் வரலாறு

சித்த மருத்துவத்தில் இரசம் எனப்படும் பாதரசம், வடமொழி இரசவாத நூல்களிலும் முதன்மையான பொருளாகும். அச்சுவடிகளை ஆராய்ந்து இந்து வேதியியல் வரலாற்றின் முதல் தொகுதியை 1902 இல் வெளியிட்டார். கைத்தொழில் புரிந்தோரைச் சாதி அமைப்பு தாழ்த்தியதால், சிந்தனை செய்முறையிலிருந்து பிரிந்தது என்றும், இந்திய அறிவியலின் வீழ்ச்சிக்கு அது ஒரு காரணம் என்றும் வாதிட்டார்.

தொழிலும் பொதுவாழ்வும்

1892 இல் தம் வீட்டிலேயே சிறு முதலீட்டில் மருந்து தயாரிப்பைத் தொடங்கினார். அது 1901 இல் பெங்கால் கெமிக்கல் அண்டு பார்மசூட்டிக்கல் ஒர்க்ஸ் என்னும் நிறுவனமாயிற்று. 1916 இல் கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பாலித் பேராசிரியரானார். 1921 இல் அறுபது வயது நிறைந்த பின் தம் ஊதியத்தை வேதியியல் துறைக்கே அளித்தார். 1922 இல் வட வங்காள வெள்ள நிவாரணப் பணிக்குத் தலைமையேற்றார். 1924 இல் இந்திய வேதியியல் கழகத்தின் முதல் தலைவரானார். மேகநாத சாகா, சத்தியேந்திர நாத் போசு, நீல் ரத்தன் தர் ஆகியோர் இவரிடம் பயின்றவர்கள்.

திருமணம் செய்துகொள்ளாத இவர், அறிவியல் கல்லூரியின் ஓர் அறையிலேயே எளிமையாக வாழ்ந்து அங்கேயே காலமானார்.