என் மூக்குக் கண்ணாடியும் எர்ன்ஸ்ட் அபேயும்



மலர்க் குழுவில் இருக்கும் சீனியர் அண்ணன் ஒருவர் என்னைப் பிடித்து, ஏதாவது ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதிக் கொடுடா, ரெண்டு பக்கம் காலியா இருக்கு என்றார். ஐன்ஸ்டீன், எடிசன் எல்லாம் எல்லா மலரிலும் வந்து போனவர்கள். எனவே என் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

எனக்குப் பவர் மைனஸ் ஏழு. போன வருடம் புதுக் கண்ணாடி போட்டேன். கடையில் ஒரு மிஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். உள்ளே ஒரு பலூன் படம் மங்கித் தெளிந்தது. சில விநாடிகளில் பவர் சீட்டு வெளியே வந்துவிட்டது. அப்புறம் டிரையல் ஃப்ரேமில் ஒவ்வொரு வில்லையாகப் போட்டுச் சரி பார்த்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிற பையன் என்றதும், உடையாத பாலிகார்பனேட் போட்டுக்கோ தம்பி, கண்ணுக்குப் பாதுகாப்பு என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் தப்பில்லை. சில்லு தெறித்தாலும் தாங்கும். ஆனால் டிராயிங் ஹாலில் உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்த்தால், வெள்ளைத் தாளில் போட்ட கறுப்புக் கோட்டுக்கு ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் ஆரஞ்சு! டியூப் லைட்டுக்கும் அதே கதை. பவர் தப்போ என்று பயந்து திரும்பக் கடைக்கு ஓடினேன். பவர் சரிதான், இந்த வில்லைக்கு அபே எண் கம்மி, அதான் என்றார் அவர்.

அபே எண் என்றால் வேறொன்றுமில்லை. கண்ணாடி ஒளியை வளைக்கும்போது நீலத்தைக் கொஞ்சம் அதிகமாகவும் சிவப்பைக் கொஞ்சம் குறைவாகவும் வளைக்கிறது. இந்த நிறப்பிரிவு எவ்வளவு குறைவோ அவ்வளவு பெரிய எண். சாதாரண சி.ஆர்.39 பிளாஸ்டிக் வில்லைக்கு 58, பாலிகார்பனேட்டுக்கு 30. அதாவது ஓரத்தில் நிறம் பிரிவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. சின்னப் பவர்காரர்களுக்கு இது தெரியவே தெரியாது. என்னைப் போன்ற சோடாபுட்டிகளுக்குத்தான் தொல்லை.

யார் இந்த அபே என்று தேடப் போனதில், நிறத்தை மறந்துவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டேன்.

ஜெர்மனியில் ஐசனாக் என்ற ஊரில் 1840 ஜனவரி 23 அன்று பிறந்தவர். அப்பா நூற்பாலைத் தொழிலாளி. சாதாரண நாளில் காலை ஐந்து மணி முதல் இரவு ஏழு வரை 14 மணி நேரம். வியாபாரம் நன்றாக இருந்தால் நாலு முதல் எட்டு வரை 16 மணி நேரம். நின்றுகொண்டேதான் வேலை, சாப்பாட்டு இடைவேளையே கிடையாது. சிறுவன் அபேயும் தங்கையும் மாறி மாறிச் சாப்பாடு கொண்டுபோவார்கள். அப்பா மிஷின் பக்கத்திலேயே நின்றபடி பாத்திரத்திலிருந்து அவசரமாக அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, காலிப் பாத்திரத்தைக் கொடுத்து உடனே வேலைக்குத் திரும்பிவிடுவார். நல்ல உயரமும் பலமும் உள்ள மனிதர், 48 வயதிலேயே கிழவராகிப் போனார். எங்க அப்பாவும் மில்லில் நைட் ஷிப்ட் பார்த்தவர்தான். இந்த இடத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன்.

பையனின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து மில் முதலாளி படிப்புக்கு உதவினார். ஜேனாவிலும் கோட்டிங்கனிலும் படித்து 1861ல் டாக்டர் பட்டம். 1863ல் ஜேனா பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். 1866ல் அதே ஊரில் மைக்ராஸ்கோப் செய்துவந்த கார்ல் ஸைஸ் அவரிடம் வந்தார்.

அந்தக் காலத்தில் மைக்ராஸ்கோப் வில்லை செய்வது முழுக்கக் கைராசி. தேய்ப்பார்கள், பொருத்திப் பார்ப்பார்கள், சரியில்லை என்றால் வேறு வில்லை. கணக்குப் போட்டு ஒரே தரத்தில் செய்ய முடியாதா என்பது ஸைஸின் கேள்வி. அபே கணக்குப் போட்டார். வேடிக்கை என்னவென்றால், கணக்குப்படி செய்த முதல் வில்லைகள் கைராசி வில்லைகளைவிட மோசமாக இருந்தன! வேறு யாராவது என்றால் தியரி வேறு, பிராக்டிகல் வேறு என்று நம்ம மாதிரியே சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அபே ஏன் என்று தோண்டினார். பிழையைக் குறைக்க அவர் ஒளி நுழையும் வாயைச் சுருக்கியிருந்தார். பொருளின் மேல் பட்டு விரிந்து சிதறும் ஒளியையும் வில்லை அகலமாக வாங்கினால்தான் நுண்மை தெரியும் என்று கண்டுபிடித்தார். 1872ல் ஸைஸ் பட்டறையின் மைக்ராஸ்கோப் வில்லைகள் எல்லாம் கணக்குப்படியே வந்தன. 1873ல் மைக்ராஸ்கோப்பால் பார்க்க முடிகிற எல்லை எது என்று அறிவித்தார். ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி, சுமார் 0.2 மைக்ரான். நம் மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுண்டில் ஐம்பதில் ஒரு பங்கு.

அடுத்த தடை கண்ணாடியே. நிறப்பிரிவை அடக்க அன்று கிடைத்த கிரவுன், பிளின்ட் வகைகள் போதவில்லை. 1879ல் ஓட்டோ ஷாட் என்ற இளம் வேதியியலார், தான் உருக்கிய லித்தியம் கண்ணாடித் துண்டை அபேக்கு அனுப்பினார். அது உதவவில்லை. ஆனால் ஆள் உதவினார். 1884ல் ஜேனாவில் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. 1886ல் நிறப்பிழை வெகுவாகக் குறைந்த அப்போக்ரோமேட் வில்லைகள் வெளிவந்தன.

இதற்குள் அபே கம்பெனியில் பங்குதாரர், பணக்காரர். 1888ல் ஸைஸ் இறந்தார். அடுத்த வருடமே அபே கார்ல் ஸைஸ் அறக்கட்டளையை ஆரம்பித்தார். 1891ல் தன் பங்கையே அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சம்பளம் வாங்கும் நிர்வாகியாக உட்கார்ந்தார். 1896ல் வந்த சட்டதிட்டத்தைப் பாருங்கள். சம்பளத்தோடு விடுமுறை. ஓய்வூதியம். வேலைக்கு எடுக்கும்போது பிறப்பு, மதம், கட்சி பார்க்கக் கூடாது. எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் தொழிலாளியின் சராசரி வருமானத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது.

1900ல் ஒன்பது மணி நேர வேலையை எட்டாக்கினார். அதையும் வில்லைக் கணக்கு மாதிரியே அளந்தார். ஒன்பதை எட்டாக்கினால், நஷ்டமில்லாமல் இருக்க மணிக்கு 12.5 சதவீதம் அதிக வேலை நடக்க வேண்டும். 233 தொழிலாளிகளின் கணக்கை முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டார். கூடியது 16.2 சதவீதம்! எட்டு மணியில் ஒன்பது மணியைவிடச் சற்று அதிகமே செய்திருந்தார்கள். இன்றைய சி.என்.சி. மிஷினுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் இரக்கத்தால் கேட்காமல் எண்ணால் நிரூபித்தாரே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

1905 ஜனவரி 14 அன்று, 65 நிறைய ஒன்பது நாள் இருக்கும்போது, அபே காலமானார். அவர் வேலைக்குச் சேர்த்த மோரிட்ஸ் வான் ரோர் கணக்கிட்ட, ஓரத்திலும் தெளிவாகத் தெரியும் பங்க்டல் மூக்குக் கண்ணாடி வில்லை 1912ல் ஸைஸ் கம்பெனியிலிருந்து வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இந்த முறை கடையில் நானே கேட்டேன். அண்ணே, ஒளிவிலகல் 1.60, அபே எண் 41 உள்ளது ஒன்று இருக்காமே? அடி தாங்குமா? தாங்கும் என்றார், விலையையும் சொன்னார். ஓரம் தடிக்காமல் இருக்கச் சின்ன வட்ட ஃப்ரேமாக எடுத்துக்கொண்டேன். டிராயிங் தாளில் கோடு இப்போது ஏறக்குறைய கறுப்பாகவே தெரிகிறது.