பிரித்துப் பார்த்த மேதை ஜி.டி.நாயுடு



கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஜி.டி.நாயுடு. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்று போச்சு. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்தார். அந்த வண்டி இவர் மனசைப் பிடித்துக்கொண்டது. கோவை ஓட்டல் ஒன்றில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அதே மாதிரி வண்டியை வாங்கினார். ஓட்டிப் பார்த்ததோடு விடவில்லை. அக்கு அக்காகப் பிரித்து மறுபடியும் பூட்டினார். அதுதான் அவர் படித்த பாலிடெக்னிக்!

ஒரே சிலிண்டர் எஞ்சினைப் பிரிப்பவர் கையில் முதலில் வருவது ஸ்பார்க் பிளக். அது சிலிண்டரின் ஓரத்தில் இருந்தால் தீ மறுகோடிக்குப் போய்ச் சேர நேரமாகும். அதற்குள் மீதிக் கலவை தானாகவே வெடித்து எஞ்சின் தட்டும். நடுவில் வைத்தால் எல்லாப் பக்கமும் தூரம் குறைவு. 2003இல் வந்த பல்சர் வண்டியில் இரண்டு பிளக் வைத்ததும் இதற்காகத்தான்.

நாயுடு 1920இல் பொள்ளாச்சி–பழனி பஸ் விட்டார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார். 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி அமைய வழி செய்து, அதன் முதல்வராகவும் இருந்தார். நாலு வருஷப் படிப்பு ரொம்ப நீளம் என்பது அவர் கட்சி; அதனாலேயே பதவியை விட்டார்.

வேடந்தாங்கலில் எங்கப்பாவும் இதையே கேட்கிறார். மருந்தடிக்கும் ஸ்பிரேயர் மக்கர் செய்தால் பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்து மாட்டிவிடுவார். இதுக்கு எதுக்குப்பா மூணு வருஷம் என்பார். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். பதில் சொல்லியாகணுமே! பிளக்கின் மூக்கு சுமார் 450 டிகிரிக்குக் கீழேயே இருந்தால் கரி படியும். 850ஐத் தாண்டினால் பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். அதனால் எஞ்சினுக்கு ஏற்ற சூட்டு எண் பார்த்துப் பிளக் போடணும். துடைப்பது கைப்பழக்கம், கரி ஏன் திரும்பத் திரும்ப வருது என்று கண்டுபிடிப்பது படிப்பு.

படிப்பே வேண்டாமென்று நினைத்திருந்தால் நாயுடு கல்லூரிக்குப் பாடுபட்டிருப்பாரா? கை படாத படிப்பைத்தான் அவர் வெறுத்தார். 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார். தோழர்களே, ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதோடு நிறுத்தாமல், ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானரைக் கையில் எடுப்போம்!