பேராசிரியர் இலட்சுமி நரசு

தென்னாட்டில் பௌத்தம் மீண்டும் தழைத்த வரலாற்றில், அயோத்திதாச பண்டிதருடன் ஒருங்கே நினைக்கப்பட வேண்டியவர் பேராசிரியர் இலட்சுமி நரசு அவர்கள். 1861-ஆம் ஆண்டு பிறந்த அவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் விஞ்ஞானம் போதித்தார். பண்டிதர் 1898-இல் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் பணியில் தோள் கொடுத்தார். 1907-இல் பௌத்தத்தின் சாரத்தை ஆங்கிலத்தில் பெருநூலாக எழுதி வெளியிட்டார்.

அன்பர்களே! அந்நூலில் உலகத்தின் புதிரைப் பற்றி ஓர் அதிகாரமும், ஆளுமை என்பது யாது என்பது பற்றி ஓர் அதிகாரமும் உள்ளன. எல்லையற்ற பரம்பொருள் ஒன்றே எல்லா உயிரிலும் உறைகின்றது என்ற போதனை நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. ஆயினும் அதே நாட்டில்தான் சேரி வேறு, ஊர் வேறு, கிணறு வேறு என்ற பிரிவும் நிலைத்தது. ஒருமை ஏட்டில் இருந்தது. வேற்றுமை தெருவில் இருந்தது. இம்முரண்பாட்டின் வேரை நரசு அவர்கள் ஆராய்ந்தார்.

அழியாத ஆத்மா ஒன்று உண்டு எனக் கொண்டால், அதன் பிறவிக்குப் பிறவி தொடரும் வினையைக் காட்டி உயர்வு தாழ்வை நியாயப்படுத்தல் எளிதாகிறது. பகவன் புத்தரோ உலகம் எல்லையுள்ளதா, எல்லையற்றதா என்னும் வினாவுக்கு விடை கூறாது, துக்கம் நீங்கும் வழியைக் காட்டினார். மனிதன் ஐந்து கந்தங்களின் சேர்க்கையே. அதற்குள் தனித்து நிற்கும் ‘நான்’ இல்லை என்பதே நரசு அவர்கள் விளக்கிய தம்மம்.

தனி ஆத்மா இல்லையேல் வினையின் பயனை எய்துவது யார் என்று சிலர் வினவுவர். ஆலையில் தறி ஓட்டியவர் இதற்கு விடை அறிவர். பாவும் ஊடும் நீங்கினால் துணி என வேறொன்று இல்லை. எனினும் பகல் ஷிப்டில் அறுந்த பாவிழையை முடியாது விட்டால், இரவு ஷிப்டில் நெய்யும் துணியிலும் அக்குறை நீண்டுகொண்டே போகும். நெய்தவர் மாறினார், பிழை மாறவில்லை. இவ்வாறே தனித்த ‘நான்’ இல்லாத இடத்திலும் செயல் தன் பயனை நல்கும். ஆதலின் நம் பொறுப்பு குறைவதில்லை, பெருகுகிறது. நாம் இன்று அறுத்து விடும் இழை நம் பிள்ளைகளின் துணியில் குறையாகும்.

நரசு அவர்கள் கொள்கையோடு நின்றாரில்லை. 1922-இல் சாதியை ஆராய்ந்து தனி நூல் இயற்றினார். 1934-இல் மறைந்தார்.

அவருடைய பெருநூல், அவர் மறைந்த பின்னர் 1948-இல், பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களின் முன்னுரையுடன் நமது பம்பாயில் மீண்டும் அச்சாயிற்று. எட்டாண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14-ஆம் நாள், நாகபுரியில் பாபாசாகேப் இலட்சக்கணக்கான மக்களுடன் தம்மம் தழுவினார். சென்னையில் ஓர் ஆசிரியர் ஏற்றிய விளக்கு பம்பாய் வழியே நாகபுரியை எட்டியது எனலாம்.

திருநெல்வேலிச் சீமையினின்று தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வந்த நம் மக்கள், ஊரைத் துறந்தும் சாதியைத் துறக்கவில்லையெனின் பயணம் முடிந்ததாகாது. எல்லாம் ஒன்றே என்று வாயால் சொல்லுதல் எளிது. அடுத்த வீட்டாரோடு பந்தியில் ஒன்றாய் அமர்தலே அதற்குச் சான்று. அன்று ‘நான்’ என்னும் முடிச்சு தானே அவிழும்.