வேதனைக்குச் செவி கொடுத்த அம்மையார்



நமது அபிராமபுரத்திலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அடையாறு. அங்குள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியை அறியாதவர் உங்களில் எவரும் இரார். அதை ஸ்தாபித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் சரிதையை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறோம். அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப் போகாத சமாரியனின் உவமையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அவர் வாழ்க்கையில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் உண்டு.

அம்மையார் 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் படிப்பதே அபூர்வமாயிருந்த காலத்தில், ஆண்கள் மட்டும் பயின்ற மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கு நடுவே சேர்ந்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் புகுந்து, 1912-ல் பட்டம் பெற்றார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சென்னைச் சட்டசபையில் முதல் பெண் உறுப்பினராகி, 1927-ல் அதன் துணைத் தலைவரானார். 1930-ல் காந்தியடிகள் கைதானதும் அப்பதவியைத் துறந்தார். திக்கற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கியவரும் அவரே.

இத்தனை கீர்த்திக்கும் நடுவே அவர் மனதில் ஆறாத புண் ஒன்று இருந்தது. அவருடைய தங்கை நோயுற்றபோது, அது சீதபேதி என்றே முதலில் கருதப்பட்டது. உண்மையில் அது புற்றுநோய். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-ல் தங்கை இறந்தார். வைத்தியம் கற்றவர் வீட்டிலேயே ஒரு வேதனையின் காரணம் தவறாக எண்ணப்பட்டதென்றால், மற்ற வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

புற்றுநோய் கண்டவர் எப்படியும் இறப்பவரே, அவருக்கென ஆஸ்பத்திரி எதற்கு என்ற எண்ணம் அன்று பரவியிருந்தது. அம்மையார் அதை ஏற்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு வருஷக்கணக்கில் நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ந் தேதி 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு 67 வயது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். அம்மையார் 1968 ஜூலை 22-ந் தேதி காலமானார்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். தாத்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். பாட்டி இரவெல்லாம் புரண்டு படுக்கிறார். வயதானால் வலி வரத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகிறோம். இது தவறு. முதுமையில் வலி அதிகம் காண்பது உண்மை. ஆனால் எந்த வலிக்கும் ஒரு காரணம் உண்டு, பெரும்பாலும் அதைத் தணிக்க வழியும் உண்டு.

ஆகையால் முதலில் கேளுங்கள். எங்கே வலிக்கிறது? எப்போது தொடங்கியது? குத்துகிறதா, எரிகிறதா, கடுக்கிறதா? தூக்கத்தைக் கெடுக்கிறதா? வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதென்றால் 10 என்று வைத்து, இன்று எத்தனை என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு வைத்தியருக்குப் பெரிதும் உதவும். ஞாபகம் தவறியவர்களில் சிலருக்கு வாயால் சொல்ல இயலாது. முகச் சுளிப்பு, முனகல், உணவை மறுத்தல், குளிப்பாட்டும்போது கையைத் தட்டிவிடுதல் ஆகியவையே அவர்கள் பேசும் மொழி.

கடையில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அவற்றில் பல, முதியோரின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். புற்றுநோயின் கொடிய வலிக்கு வைத்தியர் மார்ஃபின் எழுதினால் அஞ்சவும் வேண்டாம். வலியின் கடுமைக்கேற்ப மருந்தைப் படிப்படியாக உயர்த்தும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-ல் வகுத்தது. அதில் கடைசிப் படி மார்ஃபின். வலிக்காக, வைத்தியர் மேற்பார்வையில், சொன்ன அளவில் உட்கொள்பவர் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் உண்டாகும், அதற்கும் கூடவே மருந்து கேட்டு வாங்குங்கள். நம் தேசத்தில் 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, இம்மருந்தைப் பெறுவதற்கிருந்த தடைகள் குறைக்கப்பட்டன.

நம் பெரியவர்களில் சிலர் வேறொரு காரணத்தால் மௌனமாயிருக்கிறார்கள். வலியைச் சேசுநாதரின் பாடுகளோடு ஒப்புக்கொடுப்பதே புண்ணியம், மருந்து கேட்பது பலவீனம் என்று எண்ணுகிறார்கள். ஒப்புக்கொடுப்பது நல்லதே, ஆனால் மருந்தை மறுக்க வேண்டும் என்று திருச்சபை எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. வலி தணிக்கும் மருந்தைப் பெறுவது தகும் என்று பரிசுத்த பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1957-ல் வைத்தியர்களுக்குத் தெளிவாய்ப் போதித்தார். தன் சிலுவையை ஒருவர் மனமுவந்து சுமக்கலாம். நம் அசட்டையினால் அதை மற்றவர் தோளில் ஏற்ற நமக்கு உரிமை இல்லை.

ஆகவே, பிரியமானவர்களே, இன்று பூசை முடிந்து வீடு திரும்பியதும் உங்கள் வீட்டுப் பெரியவர் அருகில் கால் மணி நேரம் உட்காருங்கள். ஒன்றுமில்லை என்று முதலில் சொல்வார். எழுந்துவிடாமல் மறுபடியும் கேளுங்கள்.